பயிரைத் தாக்கிய பூச்சி எதுவென்று எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்?

மன்னார்குடி பக்கம் எங்களுக்கு. சம்பா நெற்பயிர் பொதியில், அதாவது கதிர் வெளிவரும் முன், இருந்த நேரம், பக்கத்து வயல்காரர் நடுவயலில் வட்டமாக மஞ்சளடித்திருப்பதைப் பார்த்துவிட்டு யூரியா போடக் கிளம்பினார். சத்துக் குறைவு இப்படித் திட்டுத் திட்டாக வராது, பரவலாகத்தான் வெளுக்கும். கொஞ்சம் பொறுங்கள் சித்தப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே இறங்கினேன். நெற்குத்தை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தட்டினால் பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாகத் தத்தித் தண்ணீரில் விழுகின்றன. புகையான் என்கிற தத்துப்பூச்சி! இலையை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் இது கண்ணில் படாது, பயிரின் அடித்தூரில் உட்கார்ந்துதான் சாறு குடிக்கும். யூரியா போட்டிருந்தால் இன்னும் பெருகியிருக்கும்.

குத்தில் உள்ள ஒரு தண்டுக்கு 1 பூச்சி வந்தால் மருந்து, பூச்சியைத் தின்னும் சிலந்தி குத்துக்கு ஒன்று இருந்தால் தண்டுக்கு 2 வரை பொறுக்கலாம் என்பது பரிந்துரை. அன்று முதலில் தண்ணீரை வடித்தோம். தயவுசெய்து சைபர்மெத்ரின் மாதிரி மருந்தை இதற்கு அடிக்காதீர்கள். சிலந்திகள் செத்துப் புகையான் மறுபடி பெருகித் திரும்பும். நடும்போதே 8 அடிக்கு 1 அடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விடுங்கள், அடித்தூருக்கு வெயிலும் காற்றும் போகும்.

* * *

நல்லா சொன்னீங்க அண்ணா. நான் பெரம்பலூர், மக்காச்சோளம். 2018-ல் படைப்புழு வந்தபோது எங்கள் ஊரில் பலரும் பழைய தண்டுத்துளைப்பான் என்றே நினைத்தார்கள். குருத்தை விரித்தால் மரத்தூள் போல ஈரக் கழிவு அடைந்து கிடக்கும். புழுவை எடுத்துத் தலையைப் பாருங்கள், தலைகீழான 'ஒய்' எழுத்து வெளிறித் தெரியும். வால் பக்கம் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக இருக்கும். இரண்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். புழு குருத்துக்குள் கிடப்பதால் மேலோட்டமாகத் தெளிக்கிற மருந்து வீண். குருத்துக்குள் இறங்க வேண்டும், அதுவும் புழு சிறிதாக இருக்கும்போதே.

* * *

நெல்லில் வெண்கதிர், அதாவது மணி பிடிக்காமல் வெளுத்த கதிர், பார்த்தால் முதலில் இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்து, தண்டில் துளையும் கழிவும் இருந்தால் குருத்துப்பூச்சி. கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்திருந்தால் அது குலைநோய் என்ற பூஞ்சை நோய், பூச்சி மருந்து கேட்காது. தண்டு சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் எலி. மூன்றும் ஒரே வயலில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால் ஒரு கதிரோடு முடிவு கட்டாமல் நாலு மூலையிலும் இழுத்துப் பார்ப்பேன்.