புதுப்பிப்பு: அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை

போன வாரம் எழுதியிருந்தேனே, சோப்புத்தூள் பாக்கெட்டுக்கு அலமாரிச் சீட்டில் ஒரு விலை, பில்லில் அதைவிடக் கூடுதல் என்று. கேட்டதற்கு கேஷியர் பெண், "கம்ப்யூட்டர்ல இதாங்க காட்டுது" என்று முடித்துவிட்டார். மேலாளரைப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். நேற்று பில்லையும், போனில் எடுத்த சீட்டுப் படத்தையும் கொண்டுபோனேன்.

மேலாளர் அலமாரி வரைக்கும் கூடவே வந்தார். சீட்டை உருவினால் ஓரத்தில் பொடி எழுத்தில் தேதி. சலுகை முடிந்து 4 நாள் ஆகியிருந்தது! கணினியில் விலை உடனே மாறிவிடுகிறது, சீட்டை மட்டும் ஆள் போய் மாற்ற வேண்டும், அங்கேதான் இடிக்கிறது என்றார். வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் பணத்தைவிட, பழைய சீட்டை என் கண்முன்னே கிழித்துவிட்டுப் புதுசைச் செருகியதுதான் எனக்கு நிம்மதி. அடுத்து வருகிறவர் ஏமாற மாட்டார் இல்லையா.

கேஷியர் மீது கோபப்பட்டு எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். விலையைத் திருத்தும் அதிகாரமே அவருக்குக் கிடையாதாம். நேற்று அவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இன்னொன்று: சீட்டில் பார்கோடு எண் இருந்தால், அதன் கடைசி நாலைந்து இலக்கங்களைப் பாக்கெட்டோடு ஒத்துப் பாருங்கள். ஒரே பொருள்தான் என்றாலும் அளவு மாறினால் எண்ணும் மாறிவிடும்.