சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே வானொலி நிகழ்ச்சி: எந்த மைக், எந்த மென்பொருள்?

சிப்புட்காரி:

வணக்கம். நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பாலர் பள்ளி ஆசிரியை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பால் மரம் (ரப்பர்) சீவிய பெரியவர்களைப் பேச வைத்து, அரை மணி நேர நிகழ்ச்சிகளாகத் தொகுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நன்றாக வந்தால் ஒரு வானொலி நிலையத்துக்கும் கொடுத்துப் பார்ப்பேன்.

போன மாதம் 87 வயதுப் பாட்டி ஒருவரைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்தேன். 1948 ஜூனில் இந்த வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தபோது அவருக்குப் பத்து வயது இருக்கும். பெரட்டுக்கு (காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போன அம்மா திரும்பி வரும்வரை லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்ததை அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் பாதி விசிறிச் சத்தம், மீதி தகரக் கூரையில் மழை.

கையில் 700 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. மடிக்கணினி பழையது, விண்டோஸ், 4 ஜிபி ரேம். நேராகக் கணினியில் செருகும் யூஎஸ்பி மைக் வாங்குவதா, இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) அதில் செருகும் எக்ஸ்எல்ஆர் மைக்கும் வாங்குவதா? ஒலியைப் பதிவு செய்து தொகுக்க ஆடாசிட்டி மென்பொருள் போதுமா, ரீப்பர் நல்லதா, இல்லை அடோபி ஆடிஷனுக்கு மாதாமாதம் பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா? பெரியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, அதனால் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும்.

ஈப்போ ஒலிப்பதிவு:

வணக்கம் சகோதரி. முதலில் ஒன்று, அந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள். சத்தம் இருந்தாலும் அது பாட்டியின் குரல்.

உங்கள் வேலையில் பாதி வெளியே நடக்கிறது, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போக முடியாது. அதனால் மைக்குக்கு முன்னால் ஒரு கையடக்க ரெக்கார்டர் வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து. ஸூம் எச்1 எசென்ஷியல் மாதிரி ஒன்று, இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடும். அது மெல்லிய ஒலியையும் பெரிய ஒலியையும் ஒன்றாகத் தாங்கும் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிவு செய்வதால் லெவல் (பதிவின் ஒலி அளவு) வைக்கவே தேவையில்லை. பாட்டி மெதுவாகப் பேசிக்கொண்டே வந்து திடீரென்று சத்தமாகச் சிரித்தாலும் ஒலி உடையாது, பிறகு கணினியில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். பெரியவர்களிடம் பேசும்போது உங்கள் கண் அவர்கள் முகத்தில் இருக்க வேண்டும், மீட்டரில் இருக்கக் கூடாது.

வீட்டில் நீங்கள் பேசும் முன்னுரை, இணைப்புரைக்கு டைனமிக் மைக் (பக்கத்தில் பேசும் குரலைப் பிடித்து, தூரத்துச் சத்தத்தைக் குறைவாகப் பிடிக்கும் வகை) வாங்குங்கள், கண்டென்சர் வேண்டாம். நான் ஆரம்பத்தில் ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பிக் கண்டென்சர் வாங்கினேன். அது நுணுக்கமான மைக்தான், ஆனால் ஒலித்தடுப்பு செய்த அறைக்கு உரியது. நம் பலகை வீட்டில் அடுத்த வீட்டுச் சேவல், செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி எல்லாம் அதில் விழுந்துவிடும். சாம்சன் க்யூ2யூ, ஆடியோ டெக்னிக்கா ஏடிஆர்2100எக்ஸ் இரண்டும் டைனமிக், இரண்டிலும் யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டு வாயும் உண்டு. இன்று நேராகக் கணினியில் குத்திக்கொள்ளலாம், நாளை இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் அதே மைக் உதவும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துப் பேசினால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று அடிக்காது. பதிவு மீட்டரில் ஒலியின் உச்சம் மைனஸ் 12-லிருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கட்டும்.

700 வெள்ளிக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்குமா என்பது நீங்கள் வாங்கும் இடத்தைப் பொறுத்தது. கிடைக்காவிட்டால் ரெக்கார்டர் முதலில், மைக் அடுத்த மாதம். ரெக்கார்டரிலேயே இணைப்புரையும் பேசலாம்.

இன்னொன்று, இரண்டு பேர் பேச வேண்டும் என்று இரண்டு யூஎஸ்பி மைக் வாங்கிவிடாதீர்கள். ஆடாசிட்டி ஒரு நேரத்தில் ஒரு கருவியிலிருந்துதான் பதிவு செய்யும்.

கெடா பையன்:

அண்ணன் சொன்ன ரெக்கார்டர் சரி. மென்பொருளுக்கு நான் ரீப்பர் பக்கம். இறக்கும் கோப்பே சின்னது, உங்கள் பழைய கணினியிலும் ஓடும். 60 நாள் எல்லா வசதியோடும் பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர், ஒரே தடவைதான் கட்ட வேண்டும். பேச்சு ஒரு தடம், பாட்டு ஒரு தடம், பறவைச் சத்தம் ஒரு தடம் என்று அடுக்கி வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் நகர்த்தலாம், மூலக் கோப்பு தொடப்படாது. ஆடிஷன் நல்ல மென்பொருள்தான், ஆனால் மாதக் கட்டணம் நின்றால் வேலையும் நின்றுவிடும், அது உங்களுக்கு வேண்டாம்.

ஈப்போ ஒலிப்பதிவு:

தம்பி சொல்வது தவறில்லை, ஆனால் புதிதாக வருகிறவருக்கு ரீப்பரின் திரையே மலைப்பாக இருக்கும். ஆடாசிட்டி இலவசம், வெட்டுவதும் ஒட்டுவதும் அதில் ஒரு மாலையில் பழகிவிடும். 2022-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து விளைவுகளைக் கேட்டுக்கொண்டே மாற்றவும் முடிகிறது. முதல் ஐந்து நிகழ்ச்சியை அதில் செய்யுங்கள், கை பழகிய பிறகு ரீப்பருக்குப் போகலாம்.

ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு தொடங்கும் முன் பத்து விநாடி யாரும் பேசாமல் அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டியின் இரைச்சல் குறைப்பு அந்தப் பத்து விநாடியைப் பார்த்துத்தான் எதை நீக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளும். 6 டெசிபல், மிஞ்சினால் 12, அதற்கு மேல் போகாதீர்கள். போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும், பாட்டியின் மூச்சும் இடைநிறுத்தமும் போய்விடும். அந்த மூச்சில்தான் கதை பாதி இருக்கிறது. மழை மட்டும் இதற்கு அடங்காது, அது மாறிக்கொண்டே இருக்கும் சத்தம்.

காப்பார் அக்கா:

நான் நான்கு வருடமாகத் தோட்டத்துப் பாட்டுகளைப் பதிவு செய்கிறேன் தங்கச்சி. காலை 9 மணிக்குப் போங்கள், எங்கள் பக்கம் மழையும் இடியும் பெரும்பாலும் பிற்பகலில்தான். படுக்கையறையில் உட்காருங்கள், மெத்தையும் துணி அலமாரியும் எதிரொலியை விழுங்கிவிடும். சிமெண்டு போட்ட நடுக்கூடம் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் கணினியில் பதிவு செய்யும்போது சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டுங்கள், 50 ஹெர்ட்ஸ் முனகல் இருந்தால் அதிலேயே பெரும்பாலும் போய்விடும். இடி இடித்தால் எப்படியும் கழற்றத்தானே வேண்டும். கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்தால் விமானப் பயன்முறையில் வையுங்கள்.

கோப்பை வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பிச் சேமிக்காதீர்கள், அது ஒலியைச் சுருக்கிவிடும். சுருக்காத வேவ் (WAV) கோப்பாகவே வையுங்கள். மோனோ, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் அரை மணிக்கு சுமார் 260 எம்பி வரும், இரண்டு வெவ்வேறு இடத்தில் நகல் இருக்கட்டும். எனக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய் மூன்று பேரின் பாட்டு போய்விட்டது, அதில் இருவர் இப்போது இல்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை நகல் எடுப்பதுதான், அதற்கப்புறம்தான் குளிப்பது, சாப்பிடுவது எல்லாம்.

சிப்புட்காரி:

எல்லாருக்கும் நன்றி. ரெக்கார்டரும் ஆடாசிட்டியும் என்று முடிவு செய்துவிட்டேன். நிலையத்துக்குக் கொடுப்பதற்கு ஒலி அளவு எவ்வளவு வைக்க வேண்டும்? இன்னொரு சந்தேகம், விசிறியை நிறுத்தினால் பாட்டிக்கு வேர்த்துக் கொட்டுகிறது, மனம் கேட்கவில்லை.

ஈப்போ ஒலிப்பதிவு:

இணையத்துக்கு மோனோ (ஒரே தடம்) என்றால் மைனஸ் 19 எல்யுஎஃப்எஸ் (நிகழ்ச்சி முழுவதும் காதுக்குக் கேட்கும் சராசரி ஒலி அளவைச் சொல்லும் அலகு), ஸ்டீரியோ (இடம், வலம் இரண்டு தடம்) என்றால் மைனஸ் 16. ஆடாசிட்டியில் அதற்கென்றே ஒரு விளைவு இருக்கிறது. நிலையத்துக்கு அவர்கள் கேட்கும் அளவில் தனியாக ஒன்று எடுத்துக் கொடுங்கள்.

காப்பார் அக்கா:

ஒரு கேள்விக்கு மட்டும் விசிறியை நிறுத்துங்கள், பத்து நிமிடம். பிறகு போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள், ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். நான் பதிவு செய்ததில் நல்ல பேச்செல்லாம் தேத்தண்ணி குடிக்கும்போது வந்ததுதான், அதில் விசிறிச் சத்தம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.