மானிட்டர் ஸ்பீக்கர் அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

மூன்றாம்தந்தி:

நான் முதலில் வாங்கியது ஏழு அங்குல மானிட்டர், அதாவது பதிவு செய்த பாட்டை உள்ளபடி கேட்டுச் சரிபார்க்கும் ஸ்பீக்கர். பேஸ் கிட்டாரின் மூன்றாம் தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் அந்த ஒரு சுரம் மட்டும் காணாமல் போகும். ஸ்பீக்கர் போதவில்லை என்று நினைத்தேன். கடைக்காரரும் அப்படியே சொன்னார். பல மாதம் காசு சேர்த்து எட்டு அங்குலம் வாங்கினேன். அதிலும் காணோம். வேறு வழியில்லாமல், கீழ் மேல் ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் அந்த இடத்தை ஏற்றிக்கொண்டே போனேன். நண்பரின் காரில் பாட்டைப் போட்டபோது கதவு அதிர்ந்தது. பாடிய பெண்ணின் குரல் அடியில் புதைந்துவிட்டது. அன்று அவர் முகம் வாடியது இன்னும் எனக்கு வலிக்கிறது.

ஒரு நாள் அந்தச் சுரத்தை ஓடவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். கதவை நெருங்க நெருங்கச் சுரம் திரண்டு வந்தது. மூலையில் நின்றால் நெஞ்சில் மோதியது. நாற்காலிக்குத் திரும்பினால் மறுபடி இல்லை.

என் அறை பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. பத்தடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே தங்கி நிற்கும் முதல் அலை ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 56 அதிர்வு. மூன்றாம் தந்தியோ 55. அந்த அலை சுவரோரம் பெருகும், அறையின் நட்டநடுவில் அடங்கிவிடும். நான் உட்கார்ந்திருந்தது அதே நடுவில்தான். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்ததால் மூன்று திசையிலும் ஒரே சுரம் சிக்கியிருந்தது.

மேசையை நகர்த்தி, முன்சுவரிலிருந்து காது நாலடிக்குள் இருக்கும்படி அமர்ந்தேன். இரண்டு ஸ்பீக்கர்களும் என் தலையும் சம முக்கோணம். மூலைகளில் ஒலியை உறிஞ்சும் தடித்த ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) பலகைகள். சுரம் திரும்பி வந்தது. எட்டு அங்குலத்தை விற்றுவிட்டேன், பழைய ஏழு அங்குலம்தான் இன்றும் மேசையில் இருக்கிறது.

கோடம்பாக்கத்துப் பழையவன்:

தொண்ணூறுகளில் நான் உதவியாளராக இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் யமஹா என்எஸ்-10 இருந்தது. வெள்ளைக் கூம்பு, கறுப்புப் பெட்டி. 1978இல் வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக வந்த ஸ்பீக்கர் அது. 2001இல் உற்பத்தியே நின்றுவிட்டது. கீழ்ச்சுரம் குறைவு, குரல் இருக்கும் நடுப்பகுதி முன்னால் வந்து நிற்கும். உச்ச ஒலி காதைக் குத்துகிறது என்று, அந்த ஒலியைத் தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் முன்னால் டிஷ்யூ காகிதம் ஒட்டியவர்கள் உலகமெங்கும் உண்டு, நான் அண்ணன் என்று அழைத்த எங்கள் கூடத்து மூத்தவரும் ஒட்டியிருந்தார். அதில் கேட்க இனிமை இல்லை என்று ஒருமுறை சொன்னேன். "இனிமையா இருந்தா தப்பு எங்கேன்னு எப்படிடா தெரியும்?" என்றார். வயலினும் குரலும் ஒன்றையொன்று நெரிக்கும் இடத்தை அது ஒளிக்காமல் காட்டும். அதில் சரியாக வந்த பாட்டு தேநீர்க்கடை ரேடியோவிலும் சரியாகவே ஒலித்தது. புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் மனத்தை மயக்கும் ஸ்பீக்கரைக் கண்டால் ஒரு நிமிடம் தயங்குங்கள். பல வருடம் கேட்டுப் பழகிய நான்கைந்து பாட்டுகளைக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.

இரவுப்பாடகி:

என் சிக்கல் ஒலியளவு. குழந்தை தூங்கிய பிறகுதான் மிக்ஸிங் (குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலப்பது) செய்ய முடியும், அதனால் மெல்ல வைத்தே வேலை செய்கிறேன். மெல்லிய ஒலியில் காது கீழ்ச்சுரங்களைக் குறைத்தே கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1933இலேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். இது தெரியாமல் தம்புராவையும் மிருதங்கத் தொப்பியையும் (கனத்த ஒலி தரும் பக்கம்) நான் ஏற்றி வைத்த பதிவுகள் நிறைய. இப்போது குரலின் அளவை மட்டும் இரவில் முடிக்கிறேன், கீழ்ச்சுரத்தை ஞாயிறு பகலில் தொடுகிறேன். மூன்றாம்தந்தி, என் அறை பன்னிரண்டுக்கு ஒன்பது. சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் போதுமா?

மூன்றாம்தந்தி:

வேண்டாம் அக்கா. முட்டை அட்டை கீழ்ச்சுரத்தைத் தொடவே தொடாது. பன்னிரண்டடி நீளத்தைப் பார்த்தபடி மேசையைப் போடுங்கள். பிறகு தம்புராவை ஓடவிட்டு அறை முழுக்க ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே பெருகுகிறது, எங்கே மறைகிறது என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.