எல்லா இசைக்கும் கை போகிற கிட்டார் கலைஞர் யார்?

ஆறுகம்பி: ராக் கிட்டார் கலைஞர் ஹெண்ட்ரிக்ஸ் பெரியவர்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் எந்த இசையில் விட்டாலும் வாசிப்பவர் என்றால் ஜான் மெக்லாக்லின்தான். 1969இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு ஜாஸ். 1971இல் தன் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா குழுவில் காதைக் கிழிக்கிற ராக். சில வருடத்திலேயே சக்தி குழுவில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு யாரைச் சொல்வீர்கள்?

நீலக்குரல்: நாலு ஊர்த் தண்ணி குடித்தவன் நாலு ஊர்க்காரன் ஆகிவிடுவானா? எங்கே போனாலும் அதே வேகம்தானே! என் ஓட்டு ராக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்குக்கு. கம்பியை மீட்டுகிற பிக் வில்லையைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கட்டை விரலால் மீட்டுவார், சுண்டு விரல் வால்யூம் குமிழில் இருக்கும். மீட்டிய சத்தமே கேட்காமல் ஸ்வரம் மெல்ல எழும், யாரோ பாடுவதுபோல.

ஆறுகம்பி: வேகம் மட்டுமா? சக்தியில் அவர் வாசித்த கிட்டாரைப் பாருங்கள். கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகக் குடைந்திருப்பார்கள். மீட்டுகிற கம்பியைக் குழிக்குள் அழுத்தினால் ஸ்வரம் ஏறும், ஸ்வரத்தை அசைக்கிற கமகம் வரும். கர்நாடக இசை அறிஞர் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தவர் ஐயா அவர்.

மேளகர்த்தா: கமகம் என்று ஆரம்பித்த பிறகு கர்நாடக இசைக் கிட்டார் கலைஞர் பிரசன்னாவை விட்டால் எப்படி? குடையாத சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கீர்த்தனை வாசிக்கிறார், அப்புறம் அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்து ஜாஸும் வாசிக்கிறார். ராகத்தில் கற்பனை செய்வது வேறு. சாகித்யம், அதாவது பாட்டின் வரிகள், காதில் விழுகிற மாதிரி ஒரு கிருதியை முழுசாக வாசிப்பது வேறு. மெக்லாக்லின் செய்தது முதலாவது மட்டும்.

கஹோன்: பாகோ டி லூசியாவை யாரும் சொல்லவில்லையே. அவர் ஃபிளமெங்கோ என்கிற ஸ்பெயின் இசையை விட்டு எங்கும் குடிபோகவில்லை, மற்றதையெல்லாம் அதற்குள் வரவழைத்தார். பெருவிலிருந்து கஹோன் என்கிற தாளப் பெட்டியை ஃபிளமெங்கோவுக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். 1991இல் அரான்குவெஸ் கான்செர்ட்டோ என்கிற கிளாசிக்கல் கிட்டார் படைப்பையும் தன் பாணியிலேயே வாசித்தார். கிளாசிக்கல்காரர்கள் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும்.

ஆறுகம்பி: சரி, பிரசன்னா விஷயத்தில் மேளகர்த்தாவோடு சண்டை போட மாட்டேன். ஆனால் நீலக்குரல், உயிரோடு இருப்பவர்களில் சிறந்தவர் மெக்லாக்லின் என்று உங்கள் பெக்கே சொன்னாரே?

நீலக்குரல்: அது அவர் பெருந்தன்மை. 2010இல் இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ஓப்பரா பாட்டை ஒற்றைக் கிட்டாரில் பாடவைத்திருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பேசுவோம்.