புதுப்பிப்பு: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடைப்பயிற்சி மட்டும் போதுமா?

ஸ்லீவ் சர்ஜரிக்குப் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை) பிறகு நடந்தால் மட்டும் போதுமா, முடி ஏன் இப்படிக் கொட்டுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டயட்டீஷியனைப் பார்த்துவிட்டேன்.

நடை போதாது. எடை வேகமாக இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. அதைக் காப்பாற்ற எடைப்பயிற்சியும் புரதமும் சேர்ந்தே வேண்டும். புரதம் ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம். சுருங்கிய வயிற்றுக்கு இது லேசான காரியமில்லை, அதனால் தட்டில் அதைத்தான் முதலில் முடிக்கிறேன். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. அரை மணி நேரம் கழித்து, மடக்கு மடக்காகத்தான். (தாகத்தோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது இன்னும் எரிச்சல்தான்.) சர்ஜன் சரி என்ற பிறகே ரெசிஸ்டன்ஸ் பேண்டை (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை) கையில் எடுத்தேன். இப்போது கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறது. எடை மெஷின் காட்டும் எண்ணைவிட எனக்கு இதுதான் பெரிசு.

முடி விஷயம்: முதல் சில மாதங்களில் கொட்டுவது சகஜம், பெரும்பாலும் திரும்ப வளரும் என்றார் டயட்டீஷியன். இருந்தாலும் இரும்புச்சத்து, பி12 அளவு பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். வைட்டமின்கள் ஆயுள் முழுக்க. ரிசல்ட் வந்ததும் எழுதுகிறேன்.