பிஷப் இல்லாத சபைக்குப் போன அனுபவம் யாருக்காவது உண்டா?

மயிலாடிப் பேத்தி:
சொந்த ஊர் கன்னியாகுமரிப் பக்கம் மயிலாடி. 1806-ல ரிங்கல்தௌபே ஐயர் வந்து சேர்ந்த ஊர், லண்டன் மிஷன்ங்கிற மிஷனரிச் சங்கத்து வழி. ஆனா நான் பிறக்கும்போது நாங்க சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆகி எத்தனையோ வருஷம். பேராயம் (ஒரு பிஷப்புக்குக் கீழ உள்ள சபைகள்), எலெக்‌ஷன், கோர்ட்டு கேஸ்னு பார்த்துப் பார்த்தே வளர்ந்தவ. "அந்தக் காலத்துல சபைதான் எல்லாம் தீர்மானிக்கும்"னு தாத்தா சொல்வார். அதுல பாதிதான் நிஜமா இருக்கும். மிச்சப் பாதியை வெள்ளைக்கார மிஷனரிதான் தீர்மானிச்சிருப்பார்.

இப்போ மாசசூசெட்ஸ்ல ஒரு சின்ன டவுன்ல இருக்கோம். வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல வெள்ளை மரப்பலகைக் கட்டடம், கான்கிரிகேஷனல் சர்ச், அதாவது அந்தந்தச் சபையாரே எல்லாத்தையும் தீர்மானிச்சுக்கிற வகை. நாப்பது பேர் வந்தா அன்னைக்கு நல்ல கூட்டம். ஜன்னல்ல வண்ணக் கண்ணாடி கிடையாது, நடுவுல பிரசங்க பீடம், அதுக்குக் கீழ சாப்பாட்டு மேசை மாதிரி ஒரு மேசை. முதல் வாரமே பாஸ்டர்கிட்ட "உங்க பிஷப் யாரு?"ன்னு கேட்டேன். "யாரும் இல்லையே"ன்னார். சர்க்கரை இல்லைன்னு சொல்ற மாதிரி அவ்வளவு சாதாரணமா.

அதோட அர்த்தம் ஜனவரியில நடந்த வருஷக் கூட்டத்துலதான் புரிஞ்சது. தலைமை ஒரு ரிட்டயர்ட் நர்ஸ் அம்மா. பாய்லர் பழசு, எண்ணெய்ச் செலவு தாங்கலைன்னு முக்கால் மணி நேரம். அடுத்து பாஸ்டரோட சம்பளம். அவரும் அவர் வீட்டம்மாவும் எழுந்து சமையலறைக்குப் போயிட்டாங்க. இங்க இவங்க கூட்டலாமா வேண்டாமான்னு பேசப் பேச, உள்ள அவங்க பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு! போன மாசம் சேர்ந்த பத்தொன்பது வயசுப் பொண்ணுக்கும் எண்பது தாண்டின தாத்தாவுக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு. கை தூக்கி எண்ணினாங்க. கொஞ்சம் கூட்டியே கொடுத்தாங்க.

விசுவாசம்னு பார்த்தா நாம சின்ன வயசுல ஒப்பிச்சதுதான். திரியேக தேவன், சிலுவை, உயிர்த்தெழுதல், கிருபையினால இரட்சிப்பு, வேதம்தான் கடைசி அதிகாரம். ஞானஸ்நானம், திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிர்றது)னு இரண்டே சாக்கிரமெந்து, அதாவது புனிதச் சடங்கு. வித்தியாசம் எங்கன்னா, சபைக்குத் தலை கிறிஸ்துன்னு நாமளும்தான் சொல்றோம், இவங்க அதை அப்படியே எடுத்துக்கிறாங்க. நடுவுல வேற ஆபீஸே கிடையாது. "இரண்டு பேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே அவர்கள் நடுவிலே இருக்கிறேன்"னு மத்தேயு 18-ல வருதே, அந்த இரண்டு மூணு பேரே ஒரு முழு சபைங்கிறது இவங்க கணக்கு.

நான் சேர்ந்தப்போ வினா-விடை எதுவும் கேக்கலை. எப்படி விசுவாசத்துக்கு வந்தேன்னு என் வார்த்தையில சபை முன்னாடி சொல்லச் சொன்னாங்க. அழுகைக்கு நடுவுல என்ன இங்கிலீஷ் பேசினேனோ கர்த்தருக்கே வெளிச்சம். அப்புறம் எல்லாரும் எழுந்து உடன்படிக்கை சொன்னாங்க. 1629-ல சேலத்துல (நம்ம சேலம் இல்லீங்க, இங்க மாசசூசெட்ஸ்ல இருக்கிறது) எழுதினது. கர்த்தரோடும் ஒருவரோடொருவரும் உடன்படிக்கை பண்ணி, அவருடைய வழிகளில் சேர்ந்து நடப்போம்னு வரும். 1658-ல இங்கிலாந்துல சவோய் அறிக்கைன்னு பெருசா ஒரு விசுவாச அறிக்கை எழுதியிருக்காங்களேன்னு டீக்கன்கிட்ட (சபைப் பொறுப்புல இருக்கிறவர்) கேட்டேன். "அதை மதிக்கிறோம். ஆனா அதுல கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள விடுவோம்னு சொல்றதில்லை"ன்னார். எல்லா கான்கிரிகேஷனல் சபையும் இதே மாதிரின்னு நினைக்காதீங்க, ஒவ்வொண்ணும் ஒரு விதம்.

வெளித் திண்ணை:
அக்கா, நான் கிறிஸ்தவன் இல்லை, என் மனைவி கிறிஸ்தவங்க. வேல்ஸ்ல இருந்தப்போ ஒரு சின்ன சாப்பலுக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போவேன். அங்க இந்தச் சபைக்காரங்களை 'அன்னிபின்வர்'னு சொல்றாங்க, சுயாதீனர்னு அர்த்தம். சாப்பல் பேரு எபனேசர். நம்ம தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துப் பக்கம் வந்துட்ட மாதிரி இருந்துச்சு. பிரசங்க பீடத்துக்குக் கீழ டீக்கன்மார் உக்கார ஒரு தனி வளைவு, அதுக்குப் 'பெரிய இருக்கை'ன்னே பேரு. மொத்தமே பதினோரு பேரு, அதுல நாலு பேரு அந்தப் பெரிய இருக்கையில!

ஒரு நாள் திருவிருந்து. முன்னாடி போய் முழங்கால் போடுறதெல்லாம் இல்லை. மரத்தட்டுல விரல் உயரக் கண்ணாடிக் கிண்ணங்கள், உள்ள திராட்சை ரசம், உக்கார்ந்த இடத்துக்கே வருது. என்கிட்ட வந்ததும் நான் அப்படியே பக்கத்துப் பாட்டிகிட்ட தள்ளிட்டேன். அவங்க ஒண்ணு எடுத்துக்கிட்டு, தட்டை அனுப்பிட்டு, இன்னொரு கையால என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எல்லாருக்கும் போய்ச் சேர்ற வரைக்கும் யாரும் குடிக்கலை. கடைசியில மொத்தமா ஒரே நேரத்துல. பாட்டி குடிக்கும்போதும் என் கையை விடலை. அப்பமும் ரசமும் வேற பொருளா மாறிடுதுன்னு இவங்க நம்புறதில்லை, ஆனா வெறும் ஞாபகார்த்தம்னு சொன்னாலும் பல பேர் ஒத்துக்க மாட்டாங்கன்னு மனைவி சொன்னாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியலை.

வட்டுக்கோட்டை:
எங்கட பக்கமும் இதே கதைதான். 1816-ல அமெரிக்கன் மிஷன் யாழ்ப்பாணம் வந்தது, 1823-ல வட்டுக்கோட்டையில செமினறி, மேல்படிப்புப் பள்ளிக்கூடம். வந்தவை கனபேர் கான்கிரிகேஷனல் ஆக்கள். 1947 செப்டம்பர் 27-ல மெட்ராஸில தென்னிந்தியத் திருச்சபை துவங்கேக்க நாங்களும் சேர்ந்திட்டம். பிஷப் எண்டால் என்னவோ ஏதோ எண்டு அம்மம்மா ஆக்கள் பயந்தவையாம். பிறகு பாத்தால் எங்கட முதல் பேராயர், அதான் பிஷப், குலேந்திரன், எங்கட ஆள்தான். பயம் போட்டுது எண்டுவா. அம்மம்மாட பிடியரிசிப் பானை எனக்கு நல்ல ஞாபகம். உலையில போட முதல் ஒரு பிடி அள்ளி அதுக்குள்ள போடுவா, அது கோயிலுக்கு. பேராயர் வந்த பிறகும் பிடி குறையேல்லை.

சந்தேகத் தோமா:
எல்லாம் சரி, கொஞ்சம் தண்ணி தெளிக்கிறேன். எங்க ஏரியாவுலயும் 'இண்டிபெண்டன்ட் சர்ச்' தெருவுக்கு ரெண்டு இருக்கு. பிஷப் இல்லை, சரி. ஆனா டிரஸ்ட்ல பாஸ்டர், பாஸ்டரம்மா, மச்சான். சபையார் வேலை ஆமென் சொல்றது மட்டும்தான். நான் முன்ன போன ஒரு இடத்துல நிஜமாவே ஓட்டெடுப்பு நடத்தினாங்க. ரெண்டு குடும்பம் சொந்தக்காரங்களை வேன்ல இறக்கினாங்க. பாஸ்டர் வெளிய, சபை ரெண்டு துண்டு. கை தூக்குறது பரிசுத்த ஆவியானவர் சித்தமா, சம்பந்தி சித்தமா?

மயிலாடிப் பேத்தி:
தோமா அண்ணே, முதல்ல சொன்னது கான்கிரிகேஷனல் இல்லை, அது குடும்பச் சொத்து. ரெண்டாவதுக்கு என்கிட்ட பதில் கிடையாது. இங்க அதுக்குப் பழைய உதாரணமே இருக்கு. ஜோனத்தன் எட்வர்ட்ஸ், அந்தக் காலத்துப் பெரிய பிரசங்கியார். மெய்யான விசுவாசத்தை அறிக்கை செய்றவங்களுக்கு மட்டும்தான் திருவிருந்துன்னு பிடிவாதமா நின்னார். 1750-ல நார்தாம்ப்டன் சபையே ஓட்டுப் போட்டு அனுப்பிடுச்சு. வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் அவரையே பிரசங்கத்துக்கும் கூப்பிட்டாங்க, அவரும் போனார்! எங்க டீக்கன் இந்தக் கதையைப் பெருமையா சொல்றாரா வெட்கப்பட்டுச் சொல்றாரான்னு இன்னும் பிடிபடலை. கூட்டம் தொடங்கும்போது "எங்க விருப்பம் இல்ல, உம்முடைய சித்தம்"னு ஜெபிக்கிறாங்க. பத்தாவது நிமிஷம் பாய்லருக்கு அடிச்சுக்கிறாங்க. ரெண்டும் நிஜம்தான்.

திண்ணை தம்பி, அந்தப் பாட்டி கதையை ரெண்டு தடவை படிச்சேன்.

பாய்லர் சனிக்கிழமை மாத்துறாங்க. வேணும்னு கை தூக்கினவங்க எல்லாரும் வேலைக்கு வரணுமாம், என் பங்கு மத்தியானச் சாப்பாடு. வெள்ளைக்காரங்க முப்பது பேருக்கு சாம்பார் சாதம்னா மிளகாய்த்தூள் எவ்வளவு போடலாம்? யாராவது சொல்லுங்க, நாளைக்குள்ள.