புதுப்பிப்பு: சூப்பர்டோமில் பார்ட்டிஷனை நீக்கும் வேலை முடிந்தது

பழைய எச்பி சூப்பர்டோம் என்ற பெரிய சர்வரில், எச்பி-யுஎக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடும் ஒரு என்-பார்ட்டிஷனை (ஹார்டுவேரைப் பிரித்துத் தனி சர்வர் போல இயக்கும் பகுதி), மற்றவை நிற்காமல் எப்படி நீக்குவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. வேலை நல்லபடியாக முடிந்தது.

முதலில், பார்ட்டிஷன்களின் நிலையைக் காட்டும் பார்ஸ்டேட்டஸ் கட்டளையில் எந்த செல் (சிபியு, மெமரி உள்ள போர்டு) எந்தப் பார்ட்டிஷனுக்கு என்று பார்த்து, முழு விவரத்தையும் வேறொரு மெஷினில் சேமித்தோம். திரும்ப உருவாக்க வேண்டி வந்தால் அதுதான் கை கொடுக்கும்.

முக்கியமான கட்டம் ஷட்டவுன். சாதாரணமாக நிறுத்தினால் பார்ட்டிஷனின் செல்கள் ஆக்டிவ் நிலையிலேயே இருக்கும். அதனால் பார்ட்டிஷனும் இன்னும் ஆக்டிவ்தான். ஷட்டவுன் கட்டளையில் பெரிய எழுத்து ஆர், பெரிய எழுத்து எச் (-R -H) என்ற இரண்டு ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது இன்ஆக்டிவ் நிலைக்குப் போகும். அதை இன்னொரு பார்ட்டிஷனிலிருந்து பார்ஸ்டேட்டஸில் உறுதி செய்தபிறகே, பார்ட்டிஷனை நீக்கும் பார்ரிமூவ் கட்டளையைக் கொடுத்தோம். கொடுக்கும் முன் நீக்க வேண்டிய பார்ட்டிஷனின் எண்ணை இருவர் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தோம். இதை எல்லோருக்கும் சொல்வேன்.

ஒருவர் கேட்ட கேள்விக்கு: டிஸ்க்கில் உள்ள டேட்டா அழியாது, பார்ட்டிஷன் அமைப்பு மட்டுமே போகும். செல்கள் இப்போது யாருக்கும் ஒதுக்கப்படாமல் இருக்கின்றன. அவற்றோடு இணைந்த ஐஓ சேசிஸும் (நெட்வொர்க், டிஸ்க் கார்டுகள் செருகும் பெட்டி) அப்படித்தான். அடுத்து அவற்றை டேட்டாபேஸ் பார்ட்டிஷனில் சேர்க்கப் போகிறோம்.